பல் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, ஆசிரியர்களே,

வணக்கம். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் முதலிய பால்புதுமையினராகிய எங்களில் பலர் வலி பொறுக்கமுடியாத கட்டத்தில்தான் உங்களிடம் வருகிறார்கள். முன்பே வந்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல், அதற்குள் பிடுங்க வேண்டியதாகியிருக்கும். தயவுசெய்து இதை அலட்சியம் என்று எண்ணாதீர்கள். அடையாள அட்டையில் உள்ள பழைய பெயரை வரவேற்பாளர் உரக்கக் கூப்பிட, காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த நொடிக்கு அஞ்சித்தான் திருநங்கைகளும் திருநம்பிகளும் வலி மாத்திரையோடு நாட்களைக் கடத்துகிறார்கள். அதையும் தாண்டி உள்ளே வந்தால், வாயைத் திறந்து மல்லாந்து கிடக்கும்போது எது சொன்னாலும் பதில் பேச முடியாது.

ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதால் ஈறு வீங்குவதில்லை. ஒதுக்கப்பட்ட வாழ்க்கைதான் வாயைக் கெடுக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் பல எச்சிலைக் குறைக்கின்றன. உலர்ந்த வாயில் சொத்தை வேகமாகப் பரவுகிறது. எங்களிடையே புகைப்பழக்கம் கூடுதல் என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஈறுநோய்க்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் அது கொண்டுபோய்விடும். ஈறுத் திசு பாலின ஹார்மோன்களுக்கு எதிர்வினை காட்டுவது என்பதால், ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர் அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆண், பெண் என்ற இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தை நீட்டி, பிறர் காதுபட மருந்து விவரம் கேட்டால் யார் சொல்வார்கள்?

எச்ஐவி பற்றி மனம் திறந்து பேச வேண்டும். 1981 ஜூனில் எய்ட்ஸ் பற்றி முதலில் வெளியான மருத்துவ அறிக்கையில் இருந்த ஐந்து இளைஞர்களுக்கும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று இருந்தது. அந்தப் பூஞ்சை வாயில் உண்டாக்கும் வெண்படலத்தை இன்றும் முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவர்தான். அப்படியிருந்தும் தள்ளிவைத்தல் தொடர்கிறது. எச்ஐவி உள்ள பெண்ணின் சொத்தையை என் கிளினிக்கில் அடைக்கமாட்டேன், மருத்துவமனையில் செய்கிறேன், அதன் கூடுதல் செலவு அவருடையது என்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் பல் மருத்துவர் ஒருவர் 1994இல் சொன்னார். நோய் அறிகுறி இல்லாத நிலையிலும் எச்ஐவி உள்ளவருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப் பாதுகாப்பு பொருந்தும் என்று அந்த நாட்டு உச்சநீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. ஆனால் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பார்த்தாலே, எந்தப் பரிசோதனையும் இல்லாமல், "கடைசி நோயாளியாக வாருங்கள்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையுறையும் கருவிச் சுத்திகரிப்பும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோலத்தானே? அவற்றைச் சரியாகச் செய்பவருக்கு இந்த அச்சம் எதற்கு?

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிப்பதல்ல. 'உங்களை எப்படி அழைக்கட்டும்?' என்று படிவத்தில் ஒரு வரி சேருங்கள். வரவேற்பாளர் அந்தப் பெயரையே சொல்லட்டும். மருந்து விவரங்களைத் தனியறையில், ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கிக் கேளுங்கள். ஆசிரியர்களே, இதை ஒருநாள் சிறப்புரையோடு முடித்துவிடாதீர்கள். நோயாளியிடம் விவரம் கேட்கும் செய்முறைத் தேர்வில் இதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

நம்பிக்கையுடன்,
பால்புதுமையினரில் ஒருவர்