ஸ்கேன் ரூமுக்கு வந்த அம்மாக்களுக்கு

வயித்துல இருக்கிற குழந்தையோட மூளையைப் பத்தின என் தீசிஸை நேத்து சப்மிட் பண்ணிட்டேன். அதுல நன்றின்னு ஒரு பக்கம் இருக்கு, கைடு, லேப் ஆளுங்க எல்லார் பேரும் போட்டாச்சு, ஆனா யாரால இந்த வேலை நடந்துச்சோ அவங்க பேரை மட்டும் எழுத முடியாது, வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்து போட்டு கொடுத்திருக்கோம். அதான் இங்க எழுதுறேன்.

வயித்துல புள்ளையோட எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள ஒருக்களிச்சு படுத்த எல்லா அம்மாக்களுக்கும் நன்றி. அந்தச் சத்தத்துல அவ்வளவு நேரம் அசையாம கிடக்கிறது லேசுப்பட்ட விஷயமில்ல, நீங்க அசையலைன்னாலும் உள்ள இருக்கிற ஆளு உருண்டுட்டே இருப்பாங்க, அதனால ஒவ்வொரு படத்தையும் ஏறக்குறைய ஒரு செகண்டுல எடுத்து அப்புறம் கம்ப்யூட்டர்ல கோத்துதான் முழு மூளையையும் பார்ப்போம். "திரும்பிடுச்சு, இன்னொரு தடவை எடுக்கலாமா"ன்னு எத்தனை தடவை கேட்டேன், "எடும்மா"ன்னுதான் சொன்னீங்க.

20 வாரத்துல அந்த மூளை வழுவழுன்னு இருக்கும். பிரசவ நேரத்துக்குள்ள பெரியவங்களுக்கு இருக்கிற முக்கியமான மடிப்பெல்லாம் வந்துடும். நடுவுல, சுமார் 23லேர்ந்து 32 வாரம் வரைக்கும், நரம்புக்கு உறை போடப்போற செல்கள் இன்னும் முதிராம இருக்கிற காலம், ரத்தமோ ஆக்சிஜனோ குறைஞ்சா, இல்ல இன்ஃபெக்ஷன் வந்தா, அதுங்க சட்டுனு அடிபட்டுடும். எந்த வாரத்துல அடி விழுந்துச்சுங்கறதைப் பொறுத்து விளைவும் மாறும், அதனாலதான் வாரக்கணக்கை அவ்வளவு துருவித் துருவி கேட்டேன்.

ஒரு அக்கா கன்சென்ட் ஃபார்மை வச்சுக்கிட்டு "இதனால என் புள்ளைக்கு என்ன பிரயோஜனம்"னு கேட்டாங்க. நேரடியா எதுவும் இல்லக்கான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் கையெழுத்து போட்டாங்க. அக்கா, அன்னிக்கு சொல்லாம விட்டதை இப்ப சொல்றேன். கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடச் சொல்றாங்கல்ல, 7 நாடுகள்ல 1817 பெண்கள் ஒத்துக்கிட்டதால வந்த அறிவு அது, 1991ல ரிசல்ட் வந்துச்சு, ஏற்கனவே நரம்புக்குழாய் குறையோட (குழந்தையோட மூளையோ தண்டுவடமோ சரியா மூடி உருவாகாத குறை) ஒரு கர்ப்பம் ஆனவங்களுக்கு அது திரும்ப வர்றதை 72% குறைச்சுது. அம்மாவுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் மருந்து போட்டா குழந்தையோட மூளையைக் காப்பாத்துமான்னு பார்த்த, 2008ல வந்த ஆய்வுலயும் அப்படித்தான், சீக்கிரமே பிரசவம் ஆகப்போற 2241 அம்மாக்கள் சேர்ந்தாங்க, ஓரளவுக்கோ தீவிரமாவோ செரிப்ரல் பால்சி (மூளை அடிபட்டதால உடம்பு அசைவு சரியா வராத நிலை) வந்த குழந்தைங்க மருந்து போட்ட பக்கம் 1.9%, மருந்தில்லாத டம்மி போட்ட பக்கம் 3.5%. தனக்கு எந்த ஊசி போகுதுன்னே தெரியாம கையை நீட்டினவங்க அவங்க. நீங்களும் அந்த வரிசைலதான் நிக்கிறீங்க.

ராத்திரி எட்டு மணிக்கு மேலயும் எங்களுக்காக மெஷினை ஓட்டின ரேடியோகிராஃபர் அண்ணாவுக்கும், பயந்து போன அம்மாக்கள் பக்கத்துல நின்னு காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்த சிஸ்டருக்கும் நன்றி.

கடைசியா, குழந்தையை இழந்த அன்னிக்கே, மூளையைப் பார்க்க அனுமதி கொடுத்த குடும்பங்களுக்கு. ஸ்கேன்ல நிழல் மாதிரி தெரியுறது நிஜமாவே சேதமா இல்லையான்னு மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும், உங்களைத் தவிர யாராலயும் எங்களுக்கு அதைக் கொடுத்திருக்க முடியாது. ஒரு அப்பா ஃபார்மை திருப்பிக் கொடுக்கிறப்ப "பத்திரமா பார்த்துக்குங்க"ன்னு மட்டும் சொன்னார்.

பத்திரமா பார்த்துக்கிட்டோம் அண்ணா.