அக்காவுக்கு ஒரு போன் போடு, தம்பி

அன்புள்ள தம்பி,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். கொடைக்கானலில் உறைபனி தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று நீ கோயிலுக்குள் வரவில்லை, தைல மரத்தடியிலேயே நின்றுவிட்டாய். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில், "குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் அது ஞானஸ்நானமா?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாய். உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லையே, சொல்கிறேன். குளிருக்குப் பயந்து அக்கா வீட்டிலிருந்து பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தாள். தொட்டியில் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் பிள்ளையை நம் சபைப் போதகர் ஐயர் கையில் கொடுத்தாள். "ஆண்டவரே, இவன் உம்முடைய பிள்ளை" என்று அவள் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. ஆண்டவருக்குக் கேட்டிருக்காதா தம்பி?

வளர்ந்து, தானே விசுவாசித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றதை நீ வேதத்தில் காட்டுகிறாய். சிறைச்சாலைக்காரன் வீட்டாரெல்லாரும் ஒரே ராத்திரியில் பெற்றதை அவள் காட்டுகிறாள். இரண்டுக்கும் நம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, இடம் வைத்திருக்கிறது. அதற்குமேல் வாதாட எனக்குப் படிப்பில்லை. ஆனால் உன் தாத்தா பாட்டி கதை எனக்குத் தெரியும்.

தாத்தா அமெரிக்கன் மிஷன் பிள்ளை, பிஷப் இல்லாத சபை. 1845இல் மதுரையிலிருந்து மலையேறி வந்து இங்கே வீடு கட்டினார்களே, அந்த மிஷன். பாட்டி திருநெல்வேலிப் பக்கம், பிஷப் உள்ள ஆங்கிலிக்கன் சபைக் குடும்பம். 1944இல் கல்யாணம். மறுவீட்டுக்குப் போன ஞாயிறன்று பாட்டியின் ஊர்க் கோயிலில் இராப்போஜனம், அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனை. தாத்தாவும் எழுந்தார். பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டாராம். பிஷப், அதாவது பேராயர், தலையில் கை வைத்து ஜெபிக்கும் திடப்படுத்தலைப் பெறாதவர்களுக்கு இராப்போஜனம் கிடையாது என்று. பாட்டி மட்டும் போய் முழங்கால்படியிட்டாள். "அப்பத்தை வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை" என்று எண்பது வயதிலும் சொல்லுவாள். அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. முறையைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். ஆனால் பாட்டிக்கு அந்தக் கை மறக்கவே இல்லை.

இப்படிப் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகச் சேர 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்தது, முடிய 28 வருஷம் ஆயிற்று. பிஷப் வேண்டுமா வேண்டாமா, அவர் கை வைக்காத ஐயர் ஐயரா என்பதுதான் பெரிய சிக்கல். இனிமேல் ஐயர் பட்டம் எல்லாம் பேராயர் கையால், ஏற்கெனவே ஊழியம் செய்பவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்க வேண்டாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஒருவரும் மற்றவரைப் பார்த்து, "இத்தனை நாள் நீ செய்தது செல்லாது" என்று சொல்லவில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. இதற்காகவே பாடுபட்ட அசரியா பேராயர் 1945 ஜனவரியில் போய்விட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனார்கள். பிஷப் இல்லாத பிரெஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரியாக வந்த நியூபிகின் ஐயர் நம் மதுரைப் பக்கத்துக்குப் பேராயர் ஆனார். அந்தக் கிறிஸ்மஸுக்குத் தாத்தாவும் பாட்டியும் அதே ஊர்க் கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால்படியிட்டார்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நீ உன் புதுச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று கூப்பிட்டபோது, "சின்ன வயதில் நாங்கள் கொடுத்தது என்னாயிற்று?" என்று கத்திவிட்டு வராமல் இருந்துவிட்டேன். உன் வாழ்க்கையில் பெரிய நாள் அது. தாய் இல்லாமல் நின்றாய். என்னை மன்னித்துவிடு. மரத்தடியில் நின்ற உன்னைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை?

நீ உன் சபையை விட வேண்டாம். நம்புகிறதை நம்பு. அக்காவுக்கு மட்டும் ஒரு போன் போடு. பிள்ளைக்கு என்ன பேர் வைத்தாள் என்றுகூட நீ கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்து கொடை ரோட்டில் பாண்டியன் ரயில் ஏறி எழும்பூர் வருகிறேன். அந்த ஞாயிறு உன் சபையில் உன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆராதனை எத்தனை மணிக்கு என்று எழுது. செருப்பை வெளியே கழற்ற வேண்டுமா, தலைக்கு முக்காடு போட வேண்டுமா, அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா