மாத்திரைக் கேள்விக்குப் பதில்

பாளையங்கோட்டை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்துவிட்டான். அம்மா நன்றாக இருக்கிறாள். காதுதான் கொஞ்சம் கேட்பதில்லை, அதுவும் தனக்கு வேண்டாத பேச்சு மட்டும்.

இந்த வருடம் நுண்ணுயிரியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். கணக்கு வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தோம், இங்கேயுமா என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் உன் கேள்வி வந்தது. வகுப்பில் சொல்ல நினைத்ததையெல்லாம் இப்போது உன் தலையில் இறக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்.

அத்தைக்கு வாங்கும் பிராண்ட் மாத்திரைக்குப் பதில் பாதி விலைக்கும் குறைவாக ஜெனரிக் மாத்திரை (அதே மருந்து, வேறு கம்பெனி செய்தது) கிடைக்கிறது, பத்திரிகையில் 'இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று ஆய்வில் தெரிந்தது' எனப் போட்டிருந்தார்கள், அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது, மீனா. மாத்திரை மோசம் என்று சொல்லவில்லை. அந்த வரி அவ்வளவு பாரம் தாங்காது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள். எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது தாம்பரத்துக்குப் பக்கத்தில் 'சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்தப் பெயர் அங்கிருந்த காசநோய் ஆஸ்பத்திரியால் வந்தது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் அப்படிப்பட்ட இடத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, நர்ஸ் கண் முன்னால் மருந்து விழுங்க வேண்டும். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்தியது. தலைமை தாங்க லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் வந்தார். சானடோரியத்தில் கொடுக்கும் அதே மருந்துகளை (ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகள்) ஒரு வருடம் வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதுமா, சானடோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்தார்கள். டாக்டருக்கும் நோயாளிக்கும் அதில் விருப்பம் சொல்ல இடம் கிடையாது.

முடிவு 1959-இல் வெளியானது. ஒரு வருட முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. கணக்கில் வந்தது பக்கத்துக்குச் சுமார் 80 பேர்.

இப்போது நீ பத்திரிகைக்காரராக இருந்தால் என்ன தலைப்பு போடுவாய்?

பாடப்புத்தகம் சொல்லும் வழியில் போவோம். முதலில் இரண்டு இடத்துக்கும் உண்மையில் வித்தியாசமே கிடையாது என்று வைத்துக்கொள்வது. இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது உண்மையாகவே இருந்தாலும், 80 பேரை இந்தப் பக்கமும் 80 பேரை அந்தப் பக்கமும் பிரித்தால் இரண்டு சதவீதமும் அச்சாக ஒன்றாக வராது. குலுக்கலிலேயே சற்று ஏறும், சற்று இறங்கும். அப்படி வெறும் தற்செயலாக 6 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் விழ எவ்வளவு வாய்ப்பு? போட்டுப் பார்த்தேன், சுமார் 0.2 வருகிறது. அதாவது வித்தியாசமே இல்லாவிட்டாலும் ஐந்தில் ஒரு தடவை இப்படி வரத்தான் செய்யும். இதுதான் பி-மதிப்பு. 0.05-க்குக் கீழே போனால்தான் 'குறிப்பிடத்தக்கது' என்பது வழக்கம். 1925-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் தன் புத்தகத்தில் வசதிக்காக வைத்த கோடு அது. இன்றைக்கும் வேதவாக்குபோல எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக 86-க்கும் 92-க்கும் 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை'. பிள்ளைகள் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். 'எனவே இரண்டும் சமம்' என்று ஒரு வரி, கீழே இரண்டு கோடு. இன்னும் சிலர் 'இரண்டும் சமமாக இருக்க 20 சதவீதம் வாய்ப்பு' என்று எழுதுவார்கள். அது அதைவிடத் தப்பு. சமம் என்று வைத்துக்கொண்டுதான் அந்த 0.2-ஐயே கணக்கிட்டோம். சமமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அதே எண் எப்படிச் சொல்லும்?

95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் எங்கிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் வீச்சு, உதவுவது இங்கேதான். 6 சதவீத வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை (தற்செயலால் அது எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு) கிட்டத்தட்ட 5. அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டால், சானடோரியத்தின் கூடுதல் பலன் −4 முதல் +16 வரை என்று வருகிறது. நடுவில் பூஜ்யம் இருக்கிறது, சரி. ஆனால் 16-உம் இருக்கிறதே! வீடே கொஞ்சம் மேல் என்பதும் இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. சானடோரியத்தில் இருந்திருந்தால் நூற்றுக்குப் பதினாறு பேர் கூடுதலாகத் தேறியிருப்பார்கள் என்பதும் ஒத்துவருகிறது. பதினாறு பேர் சின்ன விஷயமா? பி-மதிப்பை மட்டும் பார்த்தவளுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே 6 சதவீத வித்தியாசம் இருந்தது என்றே வை. பக்கத்துக்கு 80 பேரை வைத்து அதைப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு? நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஐந்துக்கு நாலு தடவையாவது பிடிக்க வேண்டும் என்றால் பக்கத்துக்கு 420 பேர் போல வேண்டும். சின்ன ஆய்வு 'வித்தியாசம் தெரியவில்லை' என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடி போடாமல் தேடினால் அப்படித்தான்.

அந்த டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்பில், குறைவான சாப்பாட்டில், முழு ஓய்வும் இல்லாமல் 86 எட்டினார்கள் என்பதை அவர்கள் எடைபோட்டார்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் பிள்ளைகுட்டிகளுக்குத் தொற்றுமே என்ற பயத்துக்கு, குடும்பத்தாரையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அதனால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நின்றது. இதையெல்லாம் சேர்த்துத்தான் வீட்டிலிருந்தே வைத்தியம் போதும் என்றார்கள், நாட்டின் காசநோய்த் திட்டமும் அதன்மேல் எழுந்தது. வெறும் ஒரு 0.2-ஐ நம்பி யாரும் சானடோரியங்களை ஓரங்கட்டவில்லை.

இதே ஃபாக்ஸுக்கு முந்தைய அனுபவம் ஒன்று உண்டு. 1948-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வு முடிவு வந்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் திட்டமிட்டது. மருந்து கொடுத்த 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர், வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். பி-மதிப்பு 0.01-க்கும் கீழே. கொண்டாட வேண்டிய முடிவுதான். ஆனால் நம்பிக்கை இடைவெளி போட்டால் மருந்தால் கூடுதலாகப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 6 பேரிலிருந்து 33 பேர் வரை எதுவும் இருக்கலாம் என்று விரிகிறது. அப்புறம் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. ஐந்து வருடக் கணக்கை எடுத்து எழுதியவர்களில் ஃபாக்ஸும் ஒருவர். அதில் அந்தப் பெரிய வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிப் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு என்று கேட்ட கேள்விக்கு ஆறு மாதத்துக்கான பதில்தான் கிடைத்திருந்தது. சென்னையில் அவர்கள் ஐந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்ததில் இந்தப் பாடத்துக்குப் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

அந்த '95 சதவீதம்' என்பதையும் கேட்டிருந்தாயே. −4 முதல் 16 வரைக்குள் உண்மை இருக்க 95 சதவீதம் வாய்ப்பு என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். நேமன் என்ற புள்ளியியலாளர் 1937-இல் இதை வகுத்தபோது அப்படிச் சொல்லவில்லை. வகுப்பில் நான் ஒரு துணிப்பையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசிமணிகளைக் கலந்து கொண்டுபோவேன். சிவப்பு எத்தனை பங்கு என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஐம்பது மணி எடுத்து, எண்ணி, 95 சதவீத இடைவெளி போடச் சொல்வேன். எடுத்ததைத் திரும்பப் பையில் போட்டுவிட்டுத்தான் அடுத்தவள் எடுக்க வேண்டும். அறுபது பேரில் மூன்று நான்கு பேருடைய இடைவெளி உண்மையான எண்ணைத் தொடாமல் போய்விடும். 95 என்பது அந்த வழிமுறைக்குக் கொடுக்கும் மதிப்பெண். தனி ஒருத்தியின் இடைவெளி உண்மையைப் பிடித்திருக்கும், இல்லை விட்டிருக்கும், அவ்வளவே. தவறியவளுக்குத் தான் தவறியது தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. அவள் நோட்டும் பக்கத்திலிருப்பவள் நோட்டுபோலச் சுத்தமாகத்தான் இருக்கும். பையைக் கவிழ்த்து எண்ணிக் காட்டும்போதுதான் முகம் மாறும். ஆய்வு செய்பவர்களுக்குக் கவிழ்க்கப் பை கிடையாது.

ஃபிஷரும் நேமனும் 1930-களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியில் இருந்துகொண்டு சண்டை போட்டவர்கள் என்பது உனக்குத் தெரியுமா? பி-மதிப்பைப் பரப்பியவர் ஃபிஷர், நம்பிக்கை இடைவெளியை வகுத்தவர் நேமன். இரண்டையும் ஒரே பாடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிள்ளைகளைக் குழப்புகிறோம்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர்கள் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு கருதுகோளையே தலைகீழாக்கிவிட்டார்கள். 'இரண்டும் ஒன்றல்ல' என்பதுதான் அங்கே ஆரம்பம். ஒன்றுதான் என்று காட்டுவது கம்பெனியின் பொறுப்பு. ஆரோக்கியமான தன்னார்வலர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று டஜன் பேர், ஒரு தடவை பிராண்டும் கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை ஜெனரிக்கும் சாப்பிடுவார்கள். மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு சேர்ந்தது, உச்சம் எவ்வளவு என்று அளப்பார்கள். பிராண்டை நூறு என்று வைத்தால், ஜெனரிக்குக்கும் பிராண்டுக்கும் உள்ள விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி முழுவதும் 80-க்கும் 125-க்கும் உள்ளே அடங்க வேண்டும். 120 இல்லாமல் 125 ஏன் என்றால், நூறில் எண்பது எந்த விகிதமோ அதே விகிதம்தான் நூற்றிருபத்தைந்தில் நூறு.

ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் குறையலாம், 25 சதவீதம் கூடலாம் என்று சொல்லித் திரிகிறார்களே, அது இதைத் தப்பாகப் படித்ததால் வந்தது. சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது, இடைவெளியின் இரண்டு நுனியும் உள்ளே இருக்க வேண்டும். விகிதம் 95, இடைவெளி 88 முதல் 103 என்றால் தேறும். விகிதம் 88, இடைவெளி 78 முதல் 99 என்றால் அந்த 78-க்காகவே தோற்கும். தேற வேண்டுமானால் விகிதம் நூறுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். பழைய வழியில் ஏனோதானோ என்று பத்துப் பேரை வைத்து ஆய்வு செய்தால் 'வித்தியாசம் இல்லை' சுலபமாகக் கிடைத்துவிடும், சோம்பேறிக்குப் பரிசு. இங்கே ஆள் குறைந்தால் இடைவெளி அகன்று 80-ஐயோ 125-ஐயோ தாண்டிவிடும், தோல்வி. அதனால் பத்திரிகையில் 'வித்தியாசம் இல்லை' என்று பார்த்தால் எத்தனை பேர், இடைவெளி எங்கிருந்து எதுவரை என்று தேடு. அது இல்லாத செய்தியைப் பாதிதான் நம்பு.

அத்தையுடைய பிரஷர் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மாற்றிய பிறகு கொஞ்ச நாள் பிரஷரைக் குறித்துவைத்தால் போதும். தைராய்டு மாத்திரையில் மட்டும் அவசரப்படாதே. அளவு சற்று மாறினாலும் பாதிக்கிற மருந்து அது, ஐரோப்பாவில் அந்த வகை மருந்துகளுக்கு 90 முதல் 111 வரை என்று இன்னும் இறுக்கிவைத்திருக்கிறார்கள். பிராண்ட் மாற்றினால் ஆறு எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடச் சொல். ரிசல்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் சாந்தா