குறை குழியில், பழி பக்தர் மேல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியத் தோட்டப்புறக் கோயில் தீமிதியில் யாருக்காவது கால் வெந்துவிட்டால், "விரதத்தில் ஏதோ குறை" என்ற பேச்சுதான் கூட்டத்தில் முதலில் எழுகிறது. வெந்த காலோடு அந்தப் பழியையும் சுமந்துகொண்டு அவர் வீடு போகிறார். பூக்குழி என்னும் தணல் குழியை வளர்க்கத் தெரிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் குறை குழியில்தான் இருக்கும்.

மரக்கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தணலில் சுடும் அப்பளத்தை விரலால் திருப்பிவிடுகிறோம். பக்கத்து அடுப்பில் காயும் தோசைக்கல்லை அப்படித் தொட முடியுமா? பாதம் ஒரு நொடிக்குள் பட்டு எழுந்தால் தோல் வேகும் அளவுக்குச் சூடு ஏறாது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் ஆண்டுதோறும் ஜூன் 23 இரவு, முதுகில் இன்னோர் ஆளைச் சுமந்தபடி வெறுங்காலோடு தணலில் நடக்கிறார்கள். வடகிரேக்கத்தில் மே 21-இல் புனிதர் படங்களை ஏந்தி மிதிக்கிறார்கள். அங்கெல்லாம் காப்புக் கட்டு கிடையாது.

விரதம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனம் அடங்கியவர்தான் நிதானமாக நடப்பார், நிதானம்தான் காலைக் காக்கும். அந்த ஸ்பெயின் ஊரில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், நெருப்பில் நடந்தவரின் இதயத்துடிப்பும் ஓரத்தில் நின்ற உற்றார் உறவினரின் துடிப்பும் ஒத்துப்போயின; வேடிக்கை பார்க்க வந்த வெளியூராரிடம் அப்படி இல்லை. குடும்பமே சேர்ந்து விரதம் இருக்கும் நம் வழக்கத்தின் பொருள் இதில் தெரிகிறது.

இனி குழிக்கு வருவோம். முன்பு தோட்டத்தில் மறுநடவுக்காக வெட்டிய பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை தாராளமாகக் கிடைத்தது. இப்போது சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). அதனால் லோரியில் பேலட் பலகை, அதாவது சரக்கு அடுக்க ஆணியடித்துச் செய்த தட்டுப் பலகை, வந்து இறங்குகிறது. அதில்தான் ஆபத்து. பலகை எரிந்துபோகும், ஆணி சிவந்து தணலுக்குள் கிடக்கும். கரி விடுகிற காலை இரும்பு விடாது. சாயம் பூசிய பலகையின் புகை நெஞ்சையும் அடைக்கும். நன்றாகக் காய்ந்த உருண்டைக் கட்டைதான் வேண்டும். அடுக்குவதற்கு முன் குழித் தரையில் சரளைக்கல் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிவிட வேண்டும்.

மிதிப்பதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே மூட்டுங்கள். தாமதமாகிவிட்டது என்று டீசல் ஊற்றினால் கட்டையின் மேல்பக்கம் மட்டும் கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். மிதிபடும்போது அது உடைந்து சுவாலை கிளம்பும். சுவாலை முழுக்க அடங்கிய பிறகு நீண்ட கம்பால் தட்டி உடைத்து, கைப்பிடி அளவுக்கு மேல் பெரிதான துண்டுகளை ஒதுக்கி, இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் சமமாகப் பரப்ப வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்த மெல்லிய சாம்பல்தான் காலுக்கும் தணலுக்கும் இடையில் நிற்கும் திரை. பளபளவென்று சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசி நிமிடத்தில் விசிறிவிடுவது பெரிய தவறு. நீளம் பதினைந்து அடி போதும், ஐந்தாறு எட்டில் கடந்துவிடலாம். பெயருக்காகக் குழியை நீட்டினால் எட்டு கூடும், சூடும் கூடும்.

சிலர் மஞ்சள் நீரில் நனைந்த பாதத்தோடு இறங்கிவிடுகிறார்கள். ஈரக்காலில் கரித்துண்டு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். துணியால் ஒற்றிவிட்டு இறக்குங்கள். ஓடுகிறவரின் கால்விரல் தணலுக்குள் புதையும். கொப்புளம் எழுவது பெரும்பாலும் விரலிடுக்கிலும் உள்வளைவிலும்தான். எல்லாவற்றிலும் மோசமான விபத்து, முன்னால் போனவர் அருள் வந்து நடுக்குழியில் நின்றுவிட, பின்னால் வந்தவர் மோதி விழுவது. ஒருவர் தணலின் முடிவில் கால் நனைக்கும் பால்குழியைத் தாண்டிய பிறகே அடுத்தவரை விட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் மிதித்ததும் தணல் குவியலாகிவிடும், நிறுத்தி மறுபடி பரப்ப வேண்டும். அதற்கு அலுத்துக்கொள்ளும் கூட்டத்தை நிர்வாகம்தான் அடக்க வேண்டும்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாதம் மரத்துப்போனவருக்குக் கால் வெந்ததே தெரியாது, மறுநாள் புண்ணோடுதான் தெரியவரும். காலில் உணர்ச்சி குறைந்தவர் தீ மிதிக்காமல் பால்குடம் எடுக்கட்டும்.

குழி ஓரத்தில் குழாய்த் தண்ணீர் தயாராக இருக்கட்டும். வெந்த காலை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். மஞ்சள், பற்பசை எதுவும் பூசக்கூடாது, கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. தோல் உரிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடிக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

பூக்குழிப் பணி செய்வோர்,
சுங்கை சிப்புட், பேரா