குளம்பு சீவும் கூலியும் வழிச்செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றின் வளர்ப்புத் தொழிலுக்கு 50 விழுக்காடு மூலதன மானியம், 50 லட்சம் ரூபாய் வரை வழங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது முதல், எங்கள் பகுதியில் குதிரை வாங்கலாமா என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் விலையைப் பற்றியும் சுழியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். குளம்பை யார் சீவுவது, அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என் தகப்பனார் மாயவரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். நான் இப்போது சாரட்டு வண்டிக்காக இரண்டு குதிரைகளை வைத்திருக்கிறேன். அவர் காலத்தில் வண்டிப்பேட்டைக்குப் பக்கத்திலேயே லாடக்காரர்கள் இருந்தார்கள். உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் லாடம் கட்டுகிறவர்களே குதிரைக்கும் குளம்பு சீவி லாடம் அடித்தார்கள். டிராக்டரும் ஆட்டோவும் வந்த பிறகு அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள், 2019 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன.

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது; மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடம் அடித்த குதிரைக்கு இது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. லாடம் இருக்கும்வரை குளம்பு தரையில் பட்டுத் தேயாது என்பதால், அதைக் கழற்றிச் சீவிவிட்டுத்தான் மறுபடியும் அடிக்க வேண்டும். கோடியக்கரைக் காட்டில் திரியும் குதிரைகளுக்கு யார் குளம்பு வெட்டுகிறார்கள் என்று என்னையே மடக்கியவர்கள் உண்டு. அவை மேய்ச்சலையும் தண்ணீரையும் தேடி நாள் முழுவதும் நடக்கின்றன. நடையிலேயே குளம்பு தேய்ந்துவிடுகிறது. நம்முடையவை கொட்டகையில் கட்டியபடி நிற்கின்றன, வெளியே வந்தாலும் கால் படுவது வண்டல் மண்ணில். அய்யனார் கோயில் மண்குதிரைக்குத்தான் குளம்பு வளராது.

இனி செலவுக்கு வருகிறேன். எங்களுக்கு வரும் லாடக்காரர் திருச்சிக்கு அப்பாலிருந்து வருகிறார். ஒரு குதிரைக்கு அவர் வாங்கும் கூலி 500 ரூபாய். பேருந்து, ஆட்டோ, சாப்பாடு என்று வழிச்செலவு 900 ரூபாய். இரண்டு குதிரைக்கு ஒருமுறை 1,900 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு எட்டு முறை என்றால் 15,200 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டதும் எல்லோரும் கூலியைக் குறைக்கச் சொல்கிறார்கள். அந்த மனிதர் நானூறு கிலோ எடையுள்ள பிராணியின் பின்னங்காலைத் தம் தொடைமேல் தாங்கிக்கொண்டு, முதுகு நிமிராமல் குறடால் விளிம்பை வெட்டி, வளைகத்தியால் அடிப்பாகத்தைச் சுரண்டி, கணுவுக்குக் கீழுள்ள சரிவும் குளம்பின் சரிவும் ஒரே கோட்டில் வருகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, பிறகு அரத்தால் இழைக்கிறார். கீழே விழும் சீவல்களைக் கவ்விக்கொண்டு ஓடுவதற்குத் தெருநாய்கள் காத்திருக்கும். குதிரை ஒரு உதை விட்டால் அவருடைய இடுப்பு போயிற்று. ஐந்நூறு ரூபாய் இதற்கு மிகுதி என்று நான் சொல்லமாட்டேன். குறைக்க முடிந்ததும் குறைக்க வேண்டியதும் வழிச்செலவுதான். ஆறு குதிரைகளை ஒரே நாளில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த 900 ரூபாய் குதிரைக்கு 150 ரூபாயாகிவிடும்; என் இரண்டு குதிரைகளுக்கு மட்டுமே ஆண்டுக்கு 4,800 ரூபாய் மிச்சம்.

சீவுவதைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்க நானும் ஒருமுறை முயன்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழையில் சாரட்டுக்கு வேலை இல்லாத நாளில் எதற்கு வீண்செலவு என்று மூன்று மாதம் லாடக்காரரைக் கூப்பிடாமல் விட்டேன். கொட்டகைத் தரை ஈரம் காயவே இல்லை. கார்த்திகையில் ஒருநாள் பெண்குதிரையின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தபோது, குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி கறுத்துக் கசிந்து, அழுகிய முட்டையைப் போல நாறியது. நீண்டுபோன முன்விளிம்பு அந்தக் காலின் பின்பக்கத் தசைநாணை இழுத்து வீங்க வைத்திருந்தது. மருத்துவர் வந்துபோன செலவு, மருந்து, கட்டுத்துணி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் ஆயிற்று. தை பிறந்ததும் வந்த மூன்று முகூர்த்தங்களையும் விட்டுக்கொடுத்தேன். தப்பவிட்டது ஒரே ஒரு சீவல். ஒற்றை வண்டிக்கூலியைப் பார்க்கப் போய் ஓராண்டுச் செலவைத் தண்டம் அழுதேன்.

உள்ளூரில் அரிவாள் பிடிக்கத் தெரிந்த எவரையாவது கூப்பிட்டுச் செலவைச் சுருக்கலாம் என்பாரும் உளர். காணும் பொங்கலன்று திருக்கடையூர், தரங்கம்பாடிச் சாலையில் நடக்கும் பந்தயத்துக்காகக் குதிரை தயார் செய்பவர்கள் சிலர் கடைசி வாரத்தில் அவசரமாக இப்படி வெட்டுவதைக் கண்டிருக்கிறேன். விரல்கடை அளவு ஆழமாகப் போனால் இரத்தம் வரும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் குதிரையின் எடை மூட்டின் ஒரு பக்கமாகவே விழும். அது கூலி கொடுத்து முடத்தை வாங்குவதுதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. உழவு மாட்டுக்கு லாடம் கட்டிய குடும்பத்து இளைஞர்கள் பத்துப் பேருக்காவது குதிரைக் குளம்பு சீவுவதில் அங்கே குறுகியகாலப் பயிற்சி அளித்து, குறடும் அரமும் மானிய விலையில் கொடுத்தால், டெல்டா மாவட்டங்களுக்குள்ளேயே ஆள் கிடைப்பார்கள். புதிதாகக் குதிரை வாங்குவோருக்கு லட்சக்கணக்கில் மானியம் கொடுக்க முடிகிற அரசுக்கு இந்தச் செலவு பெரிதல்ல.

மற்றொன்று, குதிரை வைத்திருப்போருக்கு. அரசு பயிற்சி கொடுக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழிப் பகுதிகளில் குதிரை வைத்திருப்பவர்கள் ஒன்றரை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பேசி வைத்துக்கொள்ளலாம். என் கொட்டகையில் ஆறு குதிரைகளைக் கட்ட நிழலும், இந்த ஆண்டு செங்கல் பாவிய காய்ந்த தரையும் இருக்கின்றன. மழை இறங்குமுன், புரட்டாசியிலேயே முதல் தவணையை முடித்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
சாரட்டு வண்டிக்காரர் ஒருவர்,
மயிலாடுதுறை வட்டம்.