பெல்கிரேட் வேறு, பெல்கொரோட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் உக்ரைன் எல்லையை ஒட்டிய ரஷ்ய நகரம் பெல்கொரோட் பற்றிய செய்திக்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் கோட்டைப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். புதுக்கோட்டையில் தீ விபத்து என்று எழுதிவிட்டுப் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைப் போட்டால், எங்கள் ஊரில் உங்கள் ஏஜெண்ட் நடமாட முடியுமா?

இரண்டு பெயருக்குமே பொருள் வெள்ளைக்கோட்டைதான், தங்களுக்குத் தெரியாததல்ல. செர்பியத்தில் கிராட், ரஷ்யத்தில் கொரோட், செக்கில் ஹ்ராட். எல்லாம் ஒரே வேர். 1986-இல் உக்ரைனின் கார்கோவ் நகரில் படித்தபோது மாஸ்கோ ரயில் பெல்கொரோடில் நிற்கும். பிளாட்பாரத்தில் பாட்டிகள் வாளியில் ஆப்பிள் விற்பார்கள். ஊரை ஒட்டிச் சீமைச் சுண்ணாம்புக் குன்று வெள்ளை வெளேரென்று தெரியும், பெயரே அதனால்தான் என்பார்கள். ரஷ்ய நகரம் நோவ்கொரோட் என்றால் எங்கள் புதுக்கோட்டைதான் என்று வகுப்பில் சொல்லப்போய், படிப்பு முடியும்வரை எனக்கு ‘நோவ்கொரோதெத்ஸ்’, அதாவது நோவ்கொரோட்காரன், என்றே பெயர்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஸ்டாலின்கிராட் சண்டை பற்றிய கட்டுரையில் ‘கிரேடு’ என்றால் தரம் என்று விளக்கம் கொடுத்தார் உங்கள் கட்டுரையாளர். அந்த ஊர் 1925 வரை சாரித்சின், 1961-இலிருந்து வோல்கோகிராட். எந்தப் பெயரில் தரம் கூடியது, எதில் குறைந்தது என்று கேட்டு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. சரி, தபால் தொலைந்திருக்கும்.

அப்புறம் 2011. பிரெஞ்சு ஓப்பனில் இரட்டையர் பட்டம் வென்ற செக் வீராங்கனை லூசி ஹ்ரடெட்ஸ்காவை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக அச்சடித்தீர்கள். ஹ்ரடெட்ஸ் என்ற ஊர்க்காரர் ஹ்ரடெட்ஸ்கி, பெண்ணென்றால் ஹ்ரடெட்ஸ்கா. ரஷ்யாவில் அதே வேரில் கொரொடெட்ஸ்கி, உக்ரைனில் ஹொரொடெட்ஸ்கி. எல்லோரும் கோட்டையூர்க்காரர்கள். நீங்கள் ‘ஹ’வைத் தூக்கிவிட்டு ‘ரடேகா’ என்று போட்டதில் கோட்டைக்கு வாசலே இல்லாமல் போயிற்று.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம், அவ்வளவுதான். படம் வேண்டாம், மறுபடி எந்த ஊர்ப் படம் வருமோ. சந்தாவை இரண்டு வருடத்துக்குக் கட்டித் தொலைத்துவிட்டேன், அதனால் பயப்படாமல் வெளியிடலாம்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
புதுக்கோட்டை