நன்றி மடல்: எங்கள் வரவேற்பு மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கும், உறவினர்களுக்கும், நெடுங்கேணியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும்,

ஆவணி மாதத்தில் நடந்த எங்கள் திருமணத்துக்கும், அன்று மாலை விசுவமடுவில் எங்கள் குறிச்சிப் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த வரவேற்புக்கும் வந்தவர்களுக்கு வீடு வீடாகச் சென்று நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் விருப்பம். நாலாம் சடங்கு முடிவதற்குள் இருவருக்கும் விடுமுறை முடிந்துவிட்டது. அதனால் இந்த மடல்.

நன்றி மடல்களுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. 'நேரில் வந்தும், தொலைபேசியிலும், தந்தி மூலமும் வாழ்த்திய அனைவருக்கும்' என்று தொடங்கி நான்கு வரியில் முடித்துவிடலாம். தந்தி நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, அந்தச் சொல் மட்டும் இன்னும் நன்றி மடல்களை விட்டுப் போகவில்லை. அப்படி எழுதினால் யாருக்கும் மனக்குறை வராது, ஆனால் யாருக்கும் நன்றி சொன்னதாகவும் ஆகாது. ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, செய்தவற்றைச் சொல்லியே எழுதுகிறேன். அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள். மற்றவர்களும் கண்டுகொள்வார்கள், எங்கள் ஊர் அப்படி.

முதல் நன்றி சித்தப்பாவுக்கு. "காலையில் கோயிலில் தாலி கட்டி, மத்தியானம் சாப்பாடும் போட்ட பிறகு மாலையில் எதற்கு இன்னொரு கூட்டம்? வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் பழகிய வீண் செலவு" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடியபோதுதான் அந்த மாலை எனக்கு எதற்காக வேண்டும் என்பது எனக்கே விளங்கியது.

காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறையில் அமர்ந்து கன்னிகாதானம் செய்து கொடுத்தார்கள். கூறைச்சேலை மாற்றி வந்தேன், தாலி ஏறியது, எல்லோரும் அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். அம்மா தூணோடு நின்றார். 2009 பங்குனியில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் அப்பாவை இழந்த பிறகு எந்த மங்கல வீட்டிலும் அம்மா நிற்கும் இடம் அதுதான். யாரும் அவரைப் போகச் சொல்வதில்லை, அவரே போய் நின்றுகொள்வார். இரண்டு வயதுத் தம்பியை இடுப்பிலும் ஏழு வயது என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த பெண், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாளின் கீழ் அடுப்பு மூட்டிய பெண், தன் மகளின் தாலிகட்டைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனை வீட்டில் பெண்களின் உழைப்பில் அடுப்பு எரிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வன்னி முழுவதும் அப்படித்தான்.

வரவேற்புக்கு முகூர்த்தம் கிடையாது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் சித்தப்பா, எனக்கு அந்த மாலை வேண்டியிருந்தது. நீங்களும் கடைசியில் மண்டப வாசலில் நின்று கார்களையும் உழவு இயந்திரங்களையும் ஒழுங்காக நிறுத்த வைத்தீர்கள். தொண்டை கட்டும் வரை கத்தினீர்கள். அதற்குத் தனி நன்றி.

மண்டபத்தை அலங்கரித்த தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் அடுத்த நன்றி. அலங்காரக்காரர் ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு நீங்கள் பனங்குருத்தும் தென்னங்குருத்தும் வெட்டி வந்து, முன்பள்ளி முற்றத்தில் இருந்து இழைத்த தோரணங்களைச் சோளகக் காற்று என்னதான் செய்தும் கழற்ற முடியவில்லை. ஆவணியிலும் அடங்காத அந்தக் காற்றில் துணி அலங்காரம் கட்டியிருந்தால் பாதி உடையார்கட்டுப் பக்கம் போயிருக்கும்.

கதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரே நேரத்தில் அத்தனை கதிரைகள் வைத்திருப்பது மரண உதவிச் சங்கம்தான். "மங்கல வீட்டுக்குச் செத்தவீட்டுக் கதிரையா?" என்று ஒரு மாமி முகத்தைச் சுழித்தார். சங்கத் தலைவர் ஐயா, நீங்கள் அமைதியாகச் சொன்ன பதில் இன்னும் ஊரில் உலாவுகிறது: "பிள்ளை, எல்லா வீட்டுக்கும் இதே கதிரைதான் வரும். முதலில் கலியாணத்துக்கு வந்தால் நல்லதுதானே." வாடகை வாங்க மறுத்ததற்கும், முன்னிரவே அவற்றைக் கழுவித் துடைக்க ஆள் அனுப்பியதற்கும் நன்றி. முதுகில் எழுதியிருந்த சங்கத்தின் பெயரைத் தங்கைமார் வெள்ளைத் துணி கட்டி மறைத்தார்கள். ஒரு கதிரையில் மட்டும் துணி நழுவிவிட்டது. மாப்பிள்ளையின் பெரிய மாமா கம்பீரமாக அமர்ந்திருக்கும் படத்தில் அவர் தோளுக்கு மேலே 'மரண உதவி' என்பது தெளிவாகத் தெரிகிறது. மாமா அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்.

இனி, சாப்பாடு. இரவுக்கு இடியப்பம் என்று முடிவு செய்தது யார் என்பதில் இன்னமும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கடையில் பொதி செய்து எடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் கேட்கவில்லை. சிறுபோக அறுவடை நேரம். பகலெல்லாம் வயலில் நின்றவர்கள், குளித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக் கோடிக்கு வந்தீர்கள். ஊரிலுள்ள இடியப்பத் தட்டுகள் எல்லாம் வந்து குவிந்தன. ஒன்று மற்றதோடு மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீடும் தன் தட்டுக்கு நகப்பூச்சால் முதலெழுத்துப் போட்டிருந்தது. சிவப்பு, ஊதா, மினுக்கம் போட்ட இளஞ்சிவப்பு. அந்தத் தட்டுகளைப் பார்த்தாலே எந்த வீட்டில் வயதுவந்த பெண்பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். நான்கு பேர் பிழிய, நான்கு பேர் அவிக்க, ஒருவர் கதை சொல்ல, அப்படித்தான் அந்த வேலை நடந்தது. கதை சொன்ன ஆச்சிக்குத்தான் அதிகக் களைப்பு என்று கேள்விப்பட்டேன்.

தேங்காயை மறக்க முடியாது. ஒரு தேங்காய் இருநூறு ரூபாய் வரை விற்ற அந்த நேரத்தில் சொதிக்கும் சம்பலுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து அம்மா கலங்கிப் போயிருந்தார். அதை யார் யாரிடம் சொன்னார்களோ தெரியாது. முதல்நாள் காலையிலிருந்து சைக்கிள் கரியரில் இரண்டு, பையில் நான்கு, உரப்பையில் பத்து என்று தேங்காய்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தன. மொய் எழுதும் கொப்பியில் தம்பி அவற்றையும் எழுதி வைத்திருக்கிறான். உங்கள் வீட்டு விசேடங்களுக்கு அவை தேங்காயாகவே திரும்பி வரும், விலை என்னவானாலும்.

ஆடைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் தோழிகளே, நீங்கள் வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்து இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டார் சிலர் யாரோ அதிகாரிகள் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். என் சட்டை கடைசி நேரத்தில் தோளில் பிடித்தது. அலங்கார அறையிலேயே அதைப் பிரித்து, கால் மணித்தியாலத்துக்குள் கையால் தைத்துத் தந்தீர்கள். வெளிநாடுகளுக்குப் போகும் எத்தனையோ சட்டைகளில் நம் தையல் இருக்கிறது. அன்று அது என் தோளில் இருந்தது.

இப்போது வாசலுக்கு வருகிறேன். எழுத நினைத்ததில் முக்கியமானது இதுதான்.

பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த தட்டோடு வாசலில் நின்று வருபவர்களை வரவேற்பது யார் என்ற கேள்வி வந்தபோது, பழைய வழக்கப்படி இரண்டு சுமங்கலிகளின் பெயர்கள் சொல்லப்பட்டன. என் மாமி, அதாவது மாப்பிள்ளையின் தாயார், அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் அம்மாவைத் தேடிக் குசினிப் பக்கம் போனார். அம்மா கையில் அகப்பையோடு நின்றார். மாமி அந்த அகப்பையை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். "சம்பந்தி, என் ஆட்களை நீங்கள் வரவேற்காவிட்டால் அவர்கள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். அம்மா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். சேலை மாற்றவில்லை என்றார், வியர்வை என்றார். உண்மையான காரணத்தை அவர் சொல்லவில்லை, மாமியும் கேட்கவில்லை. அம்மாவைச் சேலை மாற்ற வைத்து, வாசலுக்குக் கூட்டி வந்து, பன்னீர்ச் செம்பை அவர் கையிலேயே கொடுத்தார். முதல் பன்னீரைத் தன் மீது தெளிக்கச் சொன்னார்.

மாமி, இதை உங்களிடம் நேரில் சொல்லத் தெரியாமல்தான் பொதுவில் எழுதுகிறேன். பதினாறு ஆண்டுகள் என் அம்மா தனக்குத் தானே போட்டிருந்த கோட்டை நீங்கள் வாதாடாமல் தாண்ட வைத்தீர்கள்.

அதைப் பார்த்த பிறகு நடந்தது யாரும் திட்டமிடாதது. அம்மாவின் பக்கத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்களில் எங்கள் மூன்றாம் வீட்டுப் பெரியம்மாவும் ஒருவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு இன்றும் போய்வருபவர். கணவரின் படத்தைக் கையில் ஏந்துகிறார், நெற்றியில் பொட்டும் வைக்கிறார். மங்கல வீடுகளில் அவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று சாத்திரம் தெரிந்தவர்களுக்கும் தெரிவதில்லை. எங்களை மேடைக்கு அழைத்துச் செல்லும்போது ஆலாத்தி எடுத்தது அவர்தான். பெரியம்மா, தட்டு உங்கள் கையில் நடுங்கியது. திரி அணைந்துவிடுமோ என்று நான் பயந்தேன். நீங்கள் மூன்று முறை சுற்றி முடிக்கும் வரை அது எரிந்தது.

முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கும் நன்றி.

மேடையில் கேக் வெட்டினோம். அப்பாவின் படம் மேடையோரம் இருந்தது. முதலாவது துண்டு அம்மாவுக்கு. அந்தப் படத்துக்காக ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தைக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அம்மாவின் கலியாண அல்பம் எந்தப் பதுங்குகுழியில் போனது என்பது யாருக்கும் தெரியாது. அத்தை தன் பழைய பெட்டியில் கிடந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வந்திருந்தார். அதில் அப்பாவுக்கு என் தம்பியின் மூக்கு. தம்பி அதன் அருகே போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் வெகுநேரம் நின்றான்.

புகைப்படக்காரர், நாதஸ்வர தவில் கலைஞர்கள், இடையில் மின்சாரம் போனபோது அரை நிமிடத்தில் மின்பிறப்பாக்கியை இயக்கிய அண்ணா, மூன்று குழந்தைகளின் அழுகையை நிறுத்திய முன்பள்ளி ஆசிரியை, எல்லோருக்கும் நன்றி. மகிழ்ச்சி மிகுதியில், யானைகளை விரட்டக் கொளுத்தும் யானை வெடியைக் கொளுத்தப் போன இளைஞரின் கையிலிருந்து அதைப் பறித்த கமக்கார அமைப்பு ஐயாவுக்கும் நன்றி. அது வெடித்திருந்தால் யானை அல்ல, மாப்பிள்ளை வீட்டார் ஓடியிருப்பார்கள்.

அன்றிரவு யானை பற்றிய கவலை உண்மையிலேயே இருந்தது. ஒட்டுசுட்டானைத் தாண்டி நெடுங்கேணிக்குப் போகும் வீதியில் இருட்டிய பிறகு யானை குறுக்கிடுவது அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. புதுக்குடியிருப்பு வழியாக மோட்டார் சைக்கிள்களில் முன்னே சென்று, பஸ்ஸை நெடுங்கேணி வரை கொண்டு சேர்த்துவிட்டு விடியற்காலையில் திரும்பிய தம்பிமாரே, உங்கள் அம்மாமார் எனக்கு ஏசியதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊதா நிறத்தில் 'சி' என்று எழுதிய இடியப்பத் தட்டுகள் மூன்று, ஒரு பெரிய சருவத்தின் மூடி, கறுப்புக் குடை ஒன்று, இடது காலுக்குரிய சிறுபிள்ளைச் சப்பாத்து ஒன்று ஆகியன எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு வந்தால் அம்மா நிற்பார். வெறுங்கையோடு அனுப்பமாட்டார், பலகாரம் இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
மணமகளும் குடும்பத்தினரும்
விசுவமடு